உப்பும் ஓதமும் – வீட்டோடு ஒட்டிய வண்டி அறையைக் காப்பது எப்படி?



வீடு கட்டும்போது நாம் எவற்றுக்கெல்லாம் கவலைப்படுகிறோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். கூடத்தின் தரைக்கு என்ன கல், சமையலறை மேடைக்கு என்ன நிறம், வாசற்கதவுக்குத் தேக்கா வேங்கையா என்று மாதக்கணக்கில் ஆலோசிக்கிறோம். வண்டி நிறுத்தும் அறை என்று வந்தால் மட்டும், "கார் நிற்கத்தானே, மண்ணைக் கொட்டித் தளம் போட்டுவிடுங்கள்" என்று மேஸ்திரியிடம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவரும் முடித்துவிடுகிறார். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் அந்த அறையின் சுவர் அடியிலிருந்து கறுக்கத் தொடங்குகிறது. சுண்ணாம்பு பொரிகிறது, வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கிறது, துடைப்பத்தால் பெருக்கினால் சுவரே தூளாக உதிர்கிறது.

வண்டி அறைதானே என்று அலட்சியமாக இருந்துவிடலாமா? கூடாது. காரணம், அந்த அறை வீட்டோடு ஒட்டி நிற்கிறது. அதன் ஒரு சுவர் கூடத்துக்கும் சுவர். அல்லது பிள்ளைகள் உறங்கும் அறைக்கும் சுவர். ஓதம் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. செங்கல் வழியாகவே நடந்து வருகிறது. இன்று வெளியறையில் தெரியும் கறை நாளை மறுபக்கத்தில் புத்தக அலமாரியின் பின்னால் தெரியும்.

நம் பகுதியில் இவ்வறை வெறும் வண்டிக்கூடமாக மட்டும் இருப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆம்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் காலணியின் மேற்பகுதித் தோலை வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் சகோதரிகள் பலர். தைக்கக் கொடுத்த தோல் மூட்டைகளும், தைத்து முடித்த சோடிகளும் அடுக்கி வைக்கப்படும் இடம் பெரும்பாலும் இந்த அறையேதான். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நிலைத்துவிட்டால் தோலில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது தொழில் அறிந்தவர்களுக்குத் தெரியும். பூஞ்சணம் பிடித்த சரக்கு திரும்பி வந்தால் ஒரு வாரக் கூலியே போய்விடும்.

பொருள் நட்டத்தை விடப் பெரியது உடல் நலம். உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வீட்டுக் காற்றின் தூய்மை குறித்து வெளியிட்ட நெறிமுறைகளில், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக் கோளாறுகளும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று எடுத்துரைத்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் கட்டிலில் கிடக்கும் முதியவருமே இதற்கு முதலில் இரையாவோர்.

அதையும் தாண்டி ஓர் அபாயம் உண்டு. 2021 நவம்பர் 19ஆம் நாள் தொடர்மழையின்போது பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது உயிர்கள் பறிபோன கொடுமையை நாம் மறந்துவிட முடியாது. அது பெருமழையின் விளைவு. ஆயினும், ஊறிய சுவர் வலுவிழந்த சுவர் என்ற உண்மையை அந்நிகழ்ச்சி நம் எல்லோர் நெஞ்சிலும் எழுதிச் சென்றது.

ஓதம் எவ்வாறு ஏறுகிறது?

விளக்கின் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கிறதோ, அப்படியே செங்கல்லும் காரையும் மண்ணிலுள்ள நீரை மேலே இழுக்கின்றன. செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் கோடிக்கணக்கில் உள்ளன. நம் நாட்டின் தர அளவுகோலின்படி, சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சலாம். மூன்று கிலோ எடையுள்ள கல், அரை லிட்டருக்கும் மேலான நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்று பொருள். தரையிலிருந்து மூன்றடி, சில வேளைகளில் அதற்கு மேலும் இந்த நீர் ஏறும். ஏறிய நீர் காற்றுப் பட்டு உலரும். உலரும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. தங்கிய உப்பு படிகமாக மாறும்போது பருக்கிறது. பருக்கும் படிகம் நுண்குழலின் சுவரைப் பிளக்கிறது. பூச்சு பொரிவதும், செங்கல் தவிடாவதும் இதனால்தான். அன்றியும், சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதைக் காணாத இல்லத்தரசி உண்டா? உப்பேறிய சுவரும் அதே சாடிதான். மழை பெய்யாத நாளிலும் சுவர் வியர்ப்பதன் இரகசியம் இதுவே.

நம் ஊர் உப்பின் கதை

ஓதம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நம் பாலாற்றங்கரை ஊர்களில் அது உப்பையும் சுமந்து வருகிறது. 2019ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. மாவட்டம் மூன்றானாலும் மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பவை இரண்டு: ஒன்று பாலாறு, மற்றொன்று தோல்.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறோம். தோலின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு உப்பு இதற்குச் செலவாகும். பதனிடத் தொடங்குமுன் அந்த உப்பைத் தட்டி உதறி, மிஞ்சியதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த நீர் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றிலும் சேர்ந்து நிலத்தடிக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு இந்த நாட்டின் சட்டமாகவே நிலைநிறுத்தியது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வு விவரமும் அதில் இடம்பெற்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. மாற்றங்கள் பல நேர்ந்தன. ஆயினும் பாதிக்கப்பட்டோரின் குறை முற்றிலும் தீரவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதே வேலூர் மாசு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, இழப்பீட்டையும் நிலத்தைச் சீர்ப்படுத்துவதையும் வலியுறுத்தியது.

இந்தத் தொழிலால்தான் நம் இல்லங்களில் அடுப்பெரிகிறது; பிள்ளைகள் படிக்கிறார்கள். அதை நன்றியோடு நினைப்போம். ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு, நம் தொழில் என்பதற்காக நம் சுவரை விட்டுவைப்பதில்லை.

அவ்வுப்பு வீட்டுக்குள் வரும் வழிகள் மூன்று. முதலாவது, நிலத்தடி நீரோடு அடித்தளத்தின் வழியே ஏறுவது. இரண்டாவது, கட்டும்போதே நாமே சேர்ப்பது. கிணற்றிலோ ஆழ்துளையிலோ கிடைக்கும் உவர்நீரால் காரை குழைத்து, அதே நீரால் சுவரை நனைத்தால் என்னவாகும்? ஒரு லிட்டரில் மூன்று கிராம் உப்புள்ள நீர் 1,000 லிட்டரைச் சுவரில் ஊற்றினால், நீர் போனபின் மூன்று கிலோ உப்பு சுவரிலேயே நிற்கும். மூன்றாவது, பேஸ்மட்டம் நிரப்பக் கொட்டும் மண். முன்பு தோல் மண்டியோ பழைய பதனிடும் கொட்டகையோ இருந்த மனையில் வீடு எழுப்புவோர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். அம்மண் பல்லாண்டு உப்புக் குடித்த மண்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையன்று. சிந்து வெளியின் மொகஞ்சதாரோவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற செங்கற் சுவர்களை இன்று அரித்துக்கொண்டிருப்பது நிலத்தடி நீரோடு ஏறும் உப்பே. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இந்நோய்க்குப் பெயரே 'உப்பு ஓதம்' என்பதுதான்.

செய்யக் கூடாதவை

ஓதம் கண்டவுடன் நம்மவர்கள் செய்வது என்ன? கறை தெரியாமல் மறைப்பது. பொரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டைக் கெட்டியாகப் பூசுகிறார்கள். அதன்மேல் பட்டி பார்த்து எண்ணெய் வண்ணம் அடிக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஓராண்டு சுவர் பளபளக்கும். பின்னர் டைல்ஸுக்கு மேலே, ஐந்தாவது அடியில், அதே கறை எட்டிப் பார்க்கும்.

காரணம் எளிது. மூன்றடி உயரத்தில் வெளியேறிக்கொண்டிருந்த நீருக்கு நாம் கதவை அடைத்துவிட்டோம். அது இன்னும் மேலே ஏறி வழி தேடுகிறது. அல்லது சுவரின் மறுபக்கம், அதாவது வீட்டுக்குள், வெளியேறுகிறது. வண்டி அறையில் மட்டும் டைல்ஸ் ஒட்டியவர்கள் படுக்கை அறைச் சுவர் திடீரென்று பொரிவது கண்டு திகைப்பது இதனால்தான்.

தரையிலும் இதே கதை. சுவரில் தடுப்பு எதுவும் இல்லாத நிலையில் தரையை மட்டும் நீர் புகாதவாறு மூடினால், தரையில் பரவலாக உலர்ந்துகொண்டிருந்த ஈரமெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிச் சுவருக்குள் ஏறும். ஆகவே வாசகர்களே, இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதனை வையுங்கள்: தரையும் சுவரும் இரண்டு வேலையல்ல, ஒரே வேலை. ஈரம் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும். உள்ளே இருப்பதற்கு வெளியேற வழி விட வேண்டும். பூச்சும் வண்ணமும் கடைசியில்தான்.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் தவறு. கழுவிய நீர் உப்பைக் கரைத்து மீண்டும் சுவருக்குள் கொண்டு சேர்க்கும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, உதிர்வதைச் சாக்கில் பிடித்து, வீட்டு எல்லைக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள்.

நோய் எது என்று அறிதல்

மருந்துக்கு முன் நோய் நாட வேண்டுமல்லவா? வண்டி அறைக்கு ஈரம் வரும் திசைகள் மூன்று: கீழிருந்து, பக்கத்திலிருந்து, காற்றிலிருந்து.

ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதவாறு ஒட்டும் நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்துப் பாருங்கள். துண்டின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. துண்டின் மேற்புறம் நீர் கோத்திருந்தால் அது காற்றின் ஈரம். குளிர்ந்த தரையில் படிந்தது. சுவரிலும் இவ்வாறே சோதிக்கலாம்.

சுவரின் கறை தரையோரம் முழுவதும் ஒரே வரியாக மூன்றடி வரை தெரிந்து, அதன் விளிம்பில் உப்பு பூத்திருந்தால் அது அடித்தளத்து ஓதம். ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் பக்கத்திலிருந்து வருவது. சுவருக்கு வெளியே சென்று பாருங்கள். கைகால் கழுவவும் ஒளூச் செய்யவும் வைத்த குழாயடி அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறதா? மருதாணிக்கும் மல்லிகைக்கும் ஊற்றும் நீர் சுவரோரம் தேங்குகிறதா? மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் உடைந்து சுவரில் வழிகிறதா? தரைத் தொட்டி கசிகிறதா? 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது, இடமின்மையால் அஸ்திவாரத்தை ஒட்டியே குழி தோண்டியவர்கள் உண்டு. நல்ல நோக்கத்தோடு வெட்டிய குழியே சுவருக்குப் பகையாகும்.

தெருவையும் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேன்மேலும் தார் போட்டு, வீட்டுத் தரையைவிடத் தெரு உயர்ந்துவிட்ட ஊர்கள் பல. பழைய மேற்பரப்பைச் சுரண்டியெடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டுமென 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலைப் பணி தொடங்கும்போது அதனை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டில் மற்றெல்லா அறைகளையும் விடத் தாழ்ந்தது வண்டி அறை. உயர்ந்த தெருவின் நீர் முதலில் புகுவதும் அங்கேதான்.

முதலில் வெளிப்புறம்

செலவு குறைந்த வேலை வெளியே இருக்கிறது. பலன் மிகுந்ததும் அதுவே. குழாயடியைச் சுவரைவிட்டுத் தள்ளி அமையுங்கள். கசியும் குழாயை மாற்றுங்கள். சுவரைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து வெளிநோக்கிப் பத்தடிக்கு அரை அடி வீதம் சரியட்டும். வெளிமண் உள்தரையைவிட உயரமாகக் குவிந்திருந்தால் வெட்டியெடுங்கள். வெட்ட முடியாத இடத்தில், சுவரோரம் பள்ளம் தோண்டி, சுவரின் வெளிமுகத்தில் நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டுப் பூச்சிட்டு, அது உலர்ந்தபின் இரண்டு கை தார் பூசி, கருங்கல் ஜல்லி நிரப்பி, நீர் வடிந்தோட வழி செய்யுங்கள். இவ்வளவையும் முடித்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து பார்த்தால், பலருக்கு உள்வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

தரைக்கு

கீழிருந்து ஈரம் வருவது உறுதியானால், பழைய தளத்தை உடைத்து எடுப்பதே நிலையான வழி. உப்பு மண்ணை ஓரடி ஆழம் வரை அகற்றி, நல்ல மண்ணிட்டுத் திமிசு போட்டு இறுக்குங்கள். அதன்மேல் 40 மி.மீ. ஜல்லியைத் தூள் கலவாமல் நான்கு அங்குலக் கனம் பரப்புங்கள். பெரிய ஜல்லிகளின் இடைவெளியில் நீர் திரியில் ஏறுவதுபோல் ஏறாது; அங்கேயே அதன் பயணம் தடைப்படும். ஜல்லியின் கூர்முனை குத்தாதிருக்க மேலே மணல் பரப்பி, 250 மைக்ரான் கனமுள்ள பாலிதீன் விரிப்பை விரியுங்கள். கடையில் ஆயிரம் கேஜ் என்று கேட்டால் தருவார்கள். இணைப்புகளில் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கட்டும். ஓரங்களில் விரிப்பை வெட்டிவிடாமல் சுவரோடு மேலே மடித்துச் சுவரின் தடுப்போடு சேர்த்துவிடுங்கள். தரையும் சுவரும் கைகோக்கும் இடம் இதுவே. வேலை கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். விரிப்பின்மேல் கம்பி வலையிட்டு நான்கு அங்குலக் கான்கிரீட் போடுங்கள். வண்டி கழுவும் நீர் வாசலை நோக்கி ஓட, எட்டடிக்கு ஓர் அங்குலச் சரிவு போதும்.

கலக்கும் நீரைப் பற்றி ஒரு சொல். கட்டடக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, தனது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்றும், கம்பியில்லாததற்கு 2,000 மில்லி கிராம் வரை இருக்கலாம் என்றும் வரையறுத்தது. உங்கள் கிணற்று நீரை ஒரு முறை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நீர் உவர்ப்பாக இருந்தால், மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதனையே கட்டட வேலைக்குப் பயன்படுத்துவது சாலச் சிறந்தது.

சுவருக்கு

உப்பின் உச்சக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பழைய பூச்சை முழுவதும் உரித்துவிடுங்கள். செங்கல் இடுக்குகளில் நைந்த காரையைச் சுரண்டி எடுங்கள். உலர்தூரிகையால் உப்பை அகற்றுங்கள். உப்பு மிகுதியானால் ஒரு கைமருந்து உண்டு. பழைய காகிதத்தை நல்ல நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஓர் அங்குலக் கனத்தில் சுவரில் அப்புங்கள். கூழ் உலரும்போது சுவரின் உப்பைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் உரித்தெடுத்து அகற்றிவிட்டு, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள்.

அடுத்துத் தடுப்பு. புதிய வீட்டில் பேஸ்மட்டத்தின் மேல் ஓதத் தடுப்பு அடுக்கு போடுவது எளிது. பழைய சுவரில் அவ்வடுக்கு இல்லையென்றால், உள்தரைக்கு அரை அடி உயரத்தில், காரை வரியில், நான்கைந்து அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, நீரை விலக்கும் சிலேன் வகை மருந்தைச் செலுத்தும் முறை இன்று வழக்கில் உள்ளது. அம்மருந்து நுண்குழல்களில் பரவி, நீர் ஏறாதவாறு செய்யும். தேர்ந்தவர்களைக் கொண்டே இதைச் செய்விக்க வேண்டும்.

பிறகு பொறுமை. ஓர் அங்குலச் சுவர் உலர ஒரு மாதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம் என்றாலும், நம் கத்திரி வெயில் கொஞ்சம் விரைவுபடுத்தும். தை மாதம் உரித்துப் போட்டுக் கோடை முழுவதும் காற்றாட விடுவது நல்ல திட்டம். நெருங்கி வரும் திருமண நாளைக் கருதி, ஈரச் சுவரில் அவசரமாகப் பூசச் சொல்லாதீர்கள்.

மறுபூச்சுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே உகந்தது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். எஞ்சிய ஈரத்தை வெளியேற்றும். உப்பு வந்தாலும் பூச்சை அரிக்குமேயன்றிச் செங்கல்லை அரிக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சை மாற்றுவது சுவரை மாற்றுவதைவிட மலிவு. வண்ணமும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும்.

இதில் ஓர் இனிய செய்தி. நம் முன்னோர் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்கள். அதே கடுக்காயையும் ஆவாரம் பட்டையையும் கொண்டே தோலையும் பதனிட்டார்கள். தோலையும் சுவரையும் ஒரே காய் காத்தது. பழைய சுண்ணாம்புக் காரை வீடு உங்களுடையதாயின், அதன்மேல் சிமெண்டைப் பூசி அதன் மூச்சை அடைத்துவிடாதீர்கள்.

இடையிலுள்ள சுவரும் கதவும்

வண்டி அறைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சுவரை இருபுறமும் உரித்துப் பாருங்கள். ஒருபுறம் மட்டும் வேலை செய்தால் மறுபுறம் கெடும். அறைக்குத் தாழ்வாக ஒன்றும் உயரமாக ஒன்றுமாக, எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துளைகள் வேண்டும். அவை வெளியே திறக்க வேண்டுமேயன்றி வீட்டுக்குள் அல்ல. வண்டிப் புகையில் மணமில்லாத நச்சுக் காற்று உண்டு. ஷட்டரை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குள் செல்லும் கதவு இடுக்கின்றி மூடட்டும்.

இப்போது பலர் இவ்வறையில் மின் ஸ்கூட்டருக்கு மின்னேற்றுகிறார்கள். ஓதமேறிய சுவரில் மின் பலகை இருந்தால் அதனை உடனே உலர்ந்த சுவருக்கு மாற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் தானே துண்டிக்கும் சாதனத்தை வீட்டுக்குப் பொருத்தச் சொல்லுங்கள். ஈரச் சுவரைத் தொட்டு விளையாடும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு.

தோல் மூட்டைகளையும் பெட்டிகளையும் தரைக்கு அரை அடி உயரத்தில் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மழையில் நனைந்த வண்டியை வெளியே வடியவிட்டுப் பின் உள்ளே கொண்டு வாருங்கள்.

பொறியாளரை அழைக்க வேண்டிய நேரம்

சுவரில் விரல் நுழையும் வெடிப்பு, வெளிப்புறம் பிதுங்கிய சுவர், மண் காரையால் கட்டிய பழைய சுவர், கதவு திடீரென இறுகுதல் ஆகியவற்றைக் கண்டால் துளையிடும் வேலையோ உடைக்கும் வேலையோ தொடங்காதீர்கள். முதலில் கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். மழை தொடர்ந்து பெய்யும் நாட்களில் அச்சுவரின் ஓரம் எவரையும் படுக்க வைக்காதீர்கள். வேறிடம் செல்லுமாறு அதிகாரிகள் கூறினால் தயங்காமல் செல்லுங்கள்.

வேலூர்ப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆடி முதல் கார்த்திகை வரை சுவர் நனைந்துகொண்டே இருக்கும். உலர்த்துவதற்குக் கிடைப்பது தையிலிருந்து வைகாசி வரைதான். ஆகவே இந்த இதழை மூடி வைத்த கையோடு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு பாலிதீன் துண்டைத் தரையில் ஒட்டி வையுங்கள். நாளை இதே நேரம் அதனைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு, அதன்பின் மேஸ்திரியை அழையுங்கள். உங்கள் வீட்டுச் சுவர் உலர்ந்ததும், செய்த முறையை அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒட்டி நிற்கும் வீடுகளில் ஓதமும் பொதுச் சொத்துத்தான்.